பழைய கேம்களைப் பிழைக்க வைத்தவர்கள்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல் என்றுதான் பேசுவோம். இன்று ஒரு நாள் அதற்கு லீவு. கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

90களிலும் 2000களிலும் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, டூம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், வைஸ் சிட்டி. இதில் ஒன்றையாவது பிரவுசிங் சென்டரிலோ, பக்கத்து வீட்டு அண்ணனின் கம்ப்யூட்டரிலோ விளையாடியிருப்பீர்கள்தானே?

அந்தக் கம்ப்யூட்டரைவிடப் பல நூறு மடங்கு வேகமான லேப்டாப் இன்று உங்கள் மேசையில் இருக்கிறது. அதில் அந்தப் பழைய சிடியைப் போட்டுப் பாருங்கள்.

பெரும்பாலும் ஓடாது.

ஓடினாலும் பெரிய திரையின் நடுவில் தபால்தலை சைஸில் ஓடும். இல்லையென்றால் ஆட்கள் எல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல குண்டாகத் தெரிவார்கள். சில கேம்களில் புல்வெளி சிவப்பாக இருக்கும், கடல் ஊதா நிறத்தில் இருக்கும்.

இவ்வளவு பலசாலியான மெஷினில் அவ்வளவு எளிய கேம் ஏன் ஓட மாட்டேங்குது?

இதற்குப் பின்னால் 40 வருட வரலாறு இருக்கிறது. கேஸ் ஷீட் எழுதுவது போலவே போவோம். முதலில் நோய். அடுத்து சிகிச்சை. கடைசியில், பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பது.

நோய் 1: வேகம்

1981இல் ஐபிஎம் பிசி வருகிறது. உள்ளே இன்டெல் 8088 சிப். வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ்.

அன்று கேம் எழுதியவர்களில் பலர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "இந்த சிப் இந்த வேலையை முடிக்க இவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் எதிரி ஒரு அடி நகரட்டும்" என்று கணக்குப் போட்டு எழுதினார்கள்.

நாங்கள் நாடி பார்க்கும்போது கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுகிறோம். அதை விட்டுவிட்டு என் இதயத் துடிப்பை வைத்து உங்கள் நாடியை எண்ணினால் என்ன ஆகும்? நான் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்த அன்று உங்களுக்கு நாடி குறைவு என்று எழுதிவிடுவேன். கோளாறு உங்களிடம் இல்லை. அளவுகோல் மாறிவிட்டது.

அதேதான் இங்கும் நடந்தது. சிப்பின் வேகம் கூடியதும் எதிரிகள் கண்மூடித் திறப்பதற்குள் வந்து மோதினார்கள்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதை அமுக்கினால் வேகம் கூடும் என்றுதான் நினைத்திருப்போம். உண்மையில் அந்தப் பட்டன் வைத்ததே வேகத்தைக் குறைக்கத்தான். பழைய மெஷினுக்கு எழுதிய மென்பொருள்கள் ஓட வேண்டுமே!

1990இல் வந்த விங் கமாண்டர் என்ற விண்வெளி கேம் அடுத்த தலைமுறை 486 மெஷின்களிலேயே விளையாட முடியாத வேகத்தில் ஓடியது. சில வருடங்கள்தான் இடைவெளி.

இதைவிட விநோதம் டர்போ பாஸ்கல். அந்த மொழியில் எழுதிய பல புரோகிராம்கள் தொடங்கும்போதே, 55 மில்லி நொடியில் இந்த சிப் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். 90களின் பிற்பாதியில் வந்த வேகமான சிப்களில் அந்த விடை, அதற்கு ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கவில்லை. உடனே 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிவிட்டு புரோகிராம் நின்றுவிடும். மெஷின் ரொம்ப வேகமாக இருந்ததே அதன் குற்றம்.

நோய் 2: படம்

1987இல் ஐபிஎம் விஜிஏ என்ற படத் தரத்தைக் கொண்டுவந்தது. டாஸ் கால கேம்களில் பெரும்பாலானவை அதில் ஒரு முறையைத்தான் பயன்படுத்தின. அகலத்தில் 320 பிக்சல், உயரத்தில் 200 பிக்சல், 256 வண்ணம்.

ஏன் இந்த எண்கள்? 320ஐ 200ஆல் பெருக்குங்கள். 64,000. ஒரு பிக்சலுக்கு ஒரு பைட். அன்றைய சிப் ஒரே மூச்சில் எட்டக்கூடிய நினைவகத் துண்டு 65,536 பைட். முழுத் திரையும் அந்த ஒரு துண்டுக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். வேகமாகப் படம் வரைய இதைவிட நல்ல வழி அன்று இல்லை.

இன்றைய 4கே திரையில் எத்தனை பிக்சல் தெரியுமா? 3840 x 2160. கிட்டத்தட்ட 83 லட்சம். அந்தப் பழைய படத்தைப் போல சுமார் 130 மடங்கு.

கொஞ்சம் பின்னால் வந்த 640 x 480 கேம்களை நீட்டாமல் அப்படியே 4கே திரையில் வைத்தால், திரையின் பரப்பில் 27இல் ஒரு பங்குதான் நிரம்பும். அதுதான் அந்தத் தபால்தலை.

சரி, இழுத்து நிரப்பிவிடலாமே? அங்கேதான் அடுத்த சிக்கல். பழைய மானிட்டர் 4க்கு 3 என்ற விகிதம். இன்றைய திரை 16க்கு 9. அப்படியே இழுத்தால் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடுவார்கள். வட்டமான நிலா முட்டையாகிவிடும்.

இன்னொரு நுணுக்கம். 320 x 200 என்பது 4க்கு 3 விகிதமே இல்லை. அதைப் பழைய மானிட்டர் உயரவாக்கில் நீட்டித்தான் காட்டியது. அதாவது அன்றைய பிக்சல் சதுரம் இல்லை, அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். ஓவியர்களும் அதைத் தெரிந்துதான் வரைந்தார்கள். இன்றைய பிக்சல் சதுரம்.

ஆக, அந்தப் படத்தைச் சரியாகக் காட்ட ஒரு பிக்சலை அகலத்தில் 5 மடங்கும் உயரத்தில் 6 மடங்கும் பெருக்க வேண்டும். 1600 x 1200 வரும். கச்சிதம்.

ஆனால் நம் வீட்டில் இருக்கும் 1080 உயரத் திரையில் 200ஐ எப்படி வைப்பது? 5.4 மடங்கு. ஒரு வரி 5 பிக்சல் உயரம், அடுத்த வரி 6 பிக்சல் என்று ஏற்ற இறக்கமாக வரும். முகம் நசுங்கியது போல இருக்கும்.

4கே திரையில் 10.8 மடங்கு. ஒரு வரி 10, ஒரு வரி 11. கண்ணுக்கு அந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது.

இதைக் கவனியுங்கள். தபால்தலை நோய்க்குக் காரணமான அதே உயர் தெளிவுத் திரைதான் பழைய படத்தைச் சரியாகக் காட்ட மருந்தும்கூட. அன்றைய குழாய் மானிட்டரில் பிக்சல்களின் ஓரம் மங்கி ஒன்றோடு ஒன்று கலக்கும். ஓவியர்கள் அந்த மங்கலையும் கணக்கில் வைத்தே நிழல் போட்டார்கள். அந்த மங்கலையும் வரிகளையும் போலச் செய்து காட்டும் ஃபில்டர்கள் இன்று இருக்கின்றன. அவை நன்றாக வேலை செய்ய நிறைய பிக்சல் வேண்டும்.

நோய் 3: வீட்டுக்காரர் மாறியது

கேம் குடியிருக்கும் வீடு ஆப்பரேட்டிங் சிஸ்டம். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர்.

சிம்சிட்டி கதை கம்ப்யூட்டர் உலகில் பிரபலம். அந்த கேம், திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி எடுத்துப் படிக்கும். காலி செய்த வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறப்பது மாதிரி. பழைய சிஸ்டத்தில் யாரும் கேட்கவில்லை. புது விண்டோஸில் அப்படிச் செய்தால் கேம் விழுந்துவிடும். மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆம் என்றால் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸையே மாற்றி எழுதியது.

அந்தக் கருணை நாளாக நாளாகக் குறைந்தது.

64 பிட் விண்டோஸ் வந்ததும் 16 பிட் புரோகிராம்களுக்குக் கதவு மூடப்பட்டது. சில கேம்கள் 32 பிட்தான், ஓடக்கூடியவைதான். ஆனால் அதை இன்ஸ்டால் செய்யும் செட்டப் ஃபைல் 16 பிட். வீடு நன்றாக இருக்கிறது, பூட்டு துருப்பிடித்துவிட்டது.

விண்டோஸ் 7இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாடியவர்களுக்கு அந்தச் சிவப்புப் புல் ஞாபகம் இருக்கும். கேம் கேட்டது 256 வண்ணங்கள் கொண்ட ஒரே ஒரு பட்டியல். விண்டோஸின் டெஸ்க்டாப்பும் அதே பட்டியலில் கை வைத்தது. வண்ணம் குழம்பியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'எக்ஸ்ப்ளோரர்' என்பதை நிறுத்திவிட்டு விளையாடுங்கள் என்று பசங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது வேலையும் செய்தது!

நோய் 4: திருட்டுத் தடுப்பு

2000 வாக்கில் வந்த பல சிடிக்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. சிடி ஒரிஜினலா என்று பார்க்க விண்டோஸின் ஆழத்தில் ஒரு டிரைவரைப் போட்டு வைக்கும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை அனுமதிக்கவே இல்லை. பழைய விண்டோஸ்களிலும் அதே ஆண்டு அப்டேட் மூலம் முடக்கினார்கள்.

விளைவு? காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடி ஓடாது. பூட்டை உடைத்த காப்பி ஓடும். நேர்மையாக வாங்கியவனுக்குத்தான் தண்டனை.

சரி, சிகிச்சைக்கு வருவோம்.

சிகிச்சை 1: இன்குபேட்டர்

குறைமாதக் குழந்தை பிறந்தால் குழந்தையை மாற்ற முடியாது. சூழலை மாற்றுகிறோம். கருப்பையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு பெட்டிக்குள் கொண்டுவருகிறோம்.

2002இல் வந்த டாஸ்பாக்ஸ் அந்தப் பெட்டி. நெதர்லாந்து புரோகிராமர்கள் தொடங்கியது, இலவசம். உங்கள் லேப்டாப்புக்குள் ஒரு பழைய சிப், பழைய விஜிஏ கார்டு, பழைய சவுண்ட் கார்டு எல்லாவற்றையும் மென்பொருளாகவே உருவாக்கிவிடுகிறது. சிப் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று நீங்களே வைக்கலாம். கேமுக்குத் தான் 1990இல் இருப்பதாகவே நினைப்பு.

2008இல் போலந்தில் தொடங்கிய ஜிஓஜி என்ற இணையக் கடை பழைய கேம்களை உரிமை வாங்கி, பூட்டு இல்லாமல் விற்க ஆரம்பித்தது. அதில் பல டாஸ் கேம்களை டாஸ்பாக்ஸுடன் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். பொழுதுபோக்காக எழுதியவர்களின் உழைப்பு ஒரு வியாபாரத்துக்கே அடித்தளமானது.

சிகிச்சை 2: மொழிபெயர்ப்பாளர்

எங்கள் ஓபிக்கு வடமாநிலத் தொழிலாளர் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. கூட வந்த மேஸ்திரி நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்வார். வேலை நடந்துவிடும்.

1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. அதோடு பேச கிளைடு என்று ஒரு தனி மொழி. நிறைய கேம்கள் அந்த மொழியில் எழுதப்பட்டன. 2000 வாக்கில் நிறுவனம் நொடித்து, சொத்துகள் என்விடியாவின் கைக்குப் போயின. பேசுவோர் இல்லாத மொழியாகிவிட்டது கிளைடு.

என்கிளைடு, டிஜிவூடூ போன்ற மென்பொருள்கள் அந்த மேஸ்திரிகள். கேம் கிளைடில் பேசும். இவை அதை இன்றைய கார்டுக்குப் புரியும் மொழியில் சொல்லும். போகிற வழியில் படத்தை 4கே அளவுக்கு வரையவும் சொல்லிவிடும். முப்பரிமாண கேம்களில் உருவங்கள் கணக்காக இருப்பதால், பெரிய திரைக்கு அவற்றைப் புதிதாகவே வரைய முடியும்.

சிகிச்சை 3: அறுவை

மேலே சொன்ன இரண்டிலும் கேமின் உடம்பில் கத்தி படவில்லை. உள்ளே கை வைக்க வேண்டுமென்றால் சோர்ஸ் கோடு வேண்டும். மனிதர்கள் எழுதிய மூலப் பிரதி. நாம் வாங்கும் சிடியில் இருப்பது சிப்புக்கு மட்டும் புரியும் வடிவம்.

டூம் வெளியானது டிசம்பர் 1993. நான்கே ஆண்டுகளில், டிசம்பர் 1997இல், அதன் சோர்ஸ் கோடை ஜான் கார்மாக் பொதுவில் வெளியிட்டார். டாஸ் பதிப்பின் ஒலிப் பகுதி வேறொருவரிடம் உரிமம் பெற்றது என்பதால் லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தார். 1999இல் யாரும் மாற்றலாம், பகிரலாம் என்ற ஜிபிஎல் உரிமமும் வந்தது.

அவ்வளவுதான். டூமுக்கு இனிச் சாவே கிடையாது.

அன்று நொடிக்கு 35 ஃப்ரேம் என்று வரம்பு வைத்து 320 x 200இல் ஓடிய கேம், இன்று ஜிஇசட்டூம் என்ற பதிப்பில் 4கே திரையில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இன்னொரு குழு சாக்லேட் டூம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. அவர்கள் பழைய பிழைகளைக்கூடத் திருத்துவதில்லை. அன்று எப்படி இருந்ததோ அப்படியே. இரண்டும் தேவைதான். ஒன்று விளையாட, ஒன்று வரலாறு.

சோர்ஸ் கோடு இல்லாவிட்டால்?

1997இல் வெஸ்ட்வுட் நிறுவனம் பிளேடு ரன்னர் என்ற கேமை வெளியிட்டது. 2003இல் நிறுவனத்தை மூடினார்கள். சோர்ஸ் கோடு காணாமல் போய்விட்டது. ஸ்கம்விஎம் என்ற குழுவின் ரசிகர்கள், சிடியில் இருந்த சிப்பின் மொழியை வரி வரியாகப் படித்து, அந்த கேம் எப்படி யோசிக்கிறது என்று பல ஆண்டுகள் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். 2019இல்தான் அது ஜிஓஜியில் மறுபடி விற்பனைக்கு வந்தது.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் மயிரிழையில் தப்பியது. 1989இல் ஆப்பிள் 2க்காக ஜோர்டன் மெக்னர் எழுதியது. அதன் மூலப் பிரதி தொலைந்துவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். 2012இல் அவர் அப்பா வீட்டில் ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து சில ஃப்ளாப்பிகளை எடுத்து அனுப்பினார். அதில் இருந்தது. 20 வருடத்துக்கும் மேல் பழைய ஃப்ளாப்பி, படிக்க முடிந்ததே அதிர்ஷ்டம். மெக்னர் அதை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்.

ஒரு அப்பா பெட்டியை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார். அந்த அளவு நூலிழையில்தான் இந்த வரலாறு தொங்குகிறது.

தவறான சிகிச்சையும் உண்டு

2021 நவம்பரில் வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் உள்ளிட்ட மூன்று ஜிடிஏ கேம்களைப் புதுப்பித்து வெளியிட்டது ராக்ஸ்டார். கையோடு பழைய பதிப்புகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

புதுப் பதிப்பில் ஏகப்பட்ட குளறுபடி. ஒன்று சொல்கிறேன். சான் ஆண்ட்ரியாஸில் 'டஃப் நட் டோனட்ஸ்' என்று ஒரு கடை. கூரையில் போல்ட்டில் போடும் அறுகோண நட்டு ஒன்று பெரிதாக நிற்கும். நட்டு என்ற சொல்லை வைத்து ஒரு நகைச்சுவை. புதுப் பதிப்பில் மூலைகளை எல்லாம் மழுமழுவென்று ஆக்கும்போது அந்த நட்டும் வட்டமாகிவிட்டது. மூலை இருந்ததே அர்த்தத்தோடு என்று யோசித்துப் பார்க்க ஆள் இல்லை.

ரசிகர்கள் கொதித்தார்கள். ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழைய பதிப்புகளைத் தன் கடையில் திரும்ப வைத்தது. அதே ஆண்டு, வைஸ் சிட்டியின் கோடைச் சொந்தமாகப் புரிந்து எழுதிய ரசிகர்கள்மீது அதன் தாய் நிறுவனம் வழக்கும் போட்டது.

பிழைத்தால் என்ன கிடைக்கும்?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999. அதிகபட்சம் 1280 x 1024. அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009 தொடக்கத்தில் மூடப்பட்டது. கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ரசிகர்கள் விடவில்லை. யூசர்பேட்ச் என்ற திருத்தம் எழுதி அகலத் திரையில் ஓட வைத்தார்கள். இன்னொரு ரசிகர் குழு ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற பெயரில் புது நாகரிகங்களையே சேர்த்தது. 2013இல் எச்டி பதிப்பு வந்தபோது அந்தக் குழுவையே அதிகாரபூர்வமாக வேலைக்கு அழைத்தார்கள். 2019இல் 4கே படங்களோடு டெஃபினிட்டிவ் எடிஷன்.

2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர் என்ற நாகரிகம். அதன் போர்க்கதையின் நாயகன் யார் தெரியுமா?

ராஜேந்திர சோழன்.

படைவீரன் கையில் சுருள்வாள். பெயரே உருமி. கடலில் திரிசடை என்ற கப்பல்.

யோசித்துப் பாருங்கள். 1999இல் வந்த கேமில் நாம் இல்லை. 23 வருடம் அது உயிரோடு இருந்ததால்தான் கடாரம் கொண்டவன் அதற்குள் வர முடிந்தது. பெல்ஜியத்திலும் இன்னும் எங்கெங்கோவும் உட்கார்ந்து தூக்கத்தைத் தொலைத்த பசங்களுக்கு இதில் பெரிய பங்கு.

எத்தனை கேமுக்கு இந்த அதிர்ஷ்டம்? அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்த நாட்டின் காப்புரிமை அலுவலகம் முடியாது என்று சொல்லிவிட்டது.

"கேம்தானே டாக்டர், போனால் போகட்டும்" என்கிறீர்களா?

இதே நோய் நம் தமிழுக்கும் வந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் எத்தனை கதைகள், மலர்கள், ஆய்வேடுகள் டைப் செய்தோம்! அந்த ஃபைலை எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் திறந்தால் என்ன தெரியும்? ஆங்கில எழுத்துகளின் குப்பை. அங்கேயும் எழுத்துரு மாற்றி எழுதிக் கொடுத்துக் காப்பாற்றியவர்களில் ஆர்வலர்கள் நிறைய.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று. பழைய சிடி, ஃப்ளாப்பி எதையும் எடைக்குப் போடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். சிடி நிரந்தரம் இல்லை.

இரண்டு. நீங்கள் மென்பொருள் எழுதுபவர் என்றால் மூலப் பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள். உங்களுக்கு இனி அது தேவையில்லை என்றால், சட்டம் அனுமதித்தால், திறந்துவிடுங்கள். டூம் பிழைத்தது அப்படித்தான்.

மூன்று. பழைய கேம் விளையாட ஆசை வந்தால் கண்ட இணையதளத்தில் இறக்காதீர்கள், வைரஸோடு வரும். முதலில் ஜிஓஜி போன்ற கடைகளில் தேடுங்கள். தள்ளுபடி நாட்களில் ஒரு பிரியாணி விலைகூட இருக்காது. சிடி கையில் இருந்தால் டாஸ்பாக்ஸும் ஸ்கம்விஎம்மும் இலவசம்.

நீங்கள் முதன்முதலில் விளையாடிய கேம் எது, இன்று அது ஓடுகிறதா என்று கமெண்டில் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் அறிகுறியையும் சேர்த்து எழுதுங்கள். வழி தெரிந்தவர் யாராவது கீழேயே பதில் சொல்வார்.